முதலில் கழற்றுங்கள், அப்புறம் வரையுங்கள்

என் கையால் செய்த 11 ஸ்டூல்களை ஒரே மதியத்தில் நானே உடைத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். எளிதாகப் பழுதுபார்க்கும்படி, குப்பை குறையும்படி ஒரு பொருளை வடிவமைக்க இங்கே சொல்லப்போகும் வழிகளில் பாதி அந்த மதியத்தில் உறைத்தவை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு படிப்பகத்துக்கு 40 ஸ்டூல் செய்து கொடுத்திருந்தேன். கால்கள் நல்ல மரம். இருக்கைக்குப் பிளைவுட், அதன்மேல் ஸ்பாஞ்சு, அதற்கும் மேல் ரெக்சின். ஸ்பாஞ்சைப் பலகையோடு பசை போட்டு ஒட்டினேன். ரெக்சினை இழுத்து அடியில் பின் அடித்து, பின்னுக்கும் மேல் ஒரு பூச்சு பசை. கால்களுக்கு எப்பாக்சி. அசையவே அசையாது என்று பெருமையாகச் சொல்லித்தான் கொடுத்தேன். இரண்டு வருஷத்தில் 11 திரும்பி வந்தன. ஒன்றிலும் கால் ஆடவில்லை. ரெக்சின் மூலையில் கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

ரெக்சினைப் பிய்த்தால் ஸ்பாஞ்சு கூடவே வந்தது. ஸ்பாஞ்சைச் சுரண்டினால் பிளைவுட்டின் மேல்தோல் பெயர்ந்தது. சரி, பலகையையே மாற்றிவிடலாம் என்று காலைக் கழற்றப் பார்த்தால் மூட்டு விடவில்லை, மரம்தான் பிளந்தது. ஒரு முழம் ரெக்சினுக்காக ஒரு முழு ஸ்டூல் போயிற்று. அதுவும் 11 தடவை.

மரச்சாமான், விளக்கு, மேசைமேல் வைக்கும் சின்னப் பொருட்கள் என்று என்னுடையது சிறிய பட்டறை. உதாரணங்களும் அங்கிருந்துதான் வரும். துணி தைப்பவரும் பிளாஸ்டிக் பாகம் வரைபவரும் தங்கள் பொருளை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

உடைந்த பொருளோடு ஒரு மணி நேரம்

புதிதாக எதை வரையப் போகிறீர்களோ, அதே வகையில் கெட்டுப்போன பழையது ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மேசைவிளக்கு வரைய வேண்டுமா, எரியாத மேசைவிளக்கு ஒன்று வேண்டும். வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் கடிகாரமும் தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரப் பொருள் என்றால் பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று இரண்டு முறை பாருங்கள். ஒவ்வொரு பாகம் கழலும்போதும் நேரத்தையும் எந்தக் கருவியை எடுத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். வேறு வழியில்லாமல் உடைத்த இடத்துக்கு நேரே ஒரு பெருக்கல் குறி.

நான் பிரித்த ஒரு விளக்கின் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. ‘அடியில் ஸ்க்ரூ எதுவும் தெரியவில்லை. தேடியது 4 நிமிடம். ரப்பர் பாதத்தைப் பிய்த்தால் உள்ளே இரண்டு. மூன்றாவது ஸ்க்ரூ லேபிளுக்கு அடியில், லேபிள் கிழிந்தது.’ அடுத்த வரியில் மூடியின் கொக்கிகள்: ஐந்தில் மூன்று முறிந்தன. எடைக்காக வைத்த இரும்புத் தகட்டைப் பசை விடவே இல்லை. மொத்தம் 26 நிமிடம், மூன்று வகை ஸ்க்ரூ டிரைவர், ஒரு தட்டைக் கத்தி, ஆறு பெருக்கல் குறி. இத்தனைக்கும் கெட்டுப்போயிருந்தது சுவிட்ச் மட்டும்.

பெருக்கல் குறி விழுந்த ஒவ்வொரு இடத்துக்கும் உங்கள் வரைபடத்தில் பதில் இருக்க வேண்டும். எனக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இதுவரை அமையவில்லை.

எது முதலில் போகும்?

அடுத்து, வரையப்போகும் பொருளின் பாகங்களைச் சாகும் வரிசையில் எழுதுங்கள். ஸ்டூலுக்கு: முதலில் உறை, அப்புறம் ஸ்பாஞ்சு, காலடி ரப்பர், இருக்கைப் பலகை, கடைசியில் கால்கள். எல்இடி மேசைவிளக்குக்கு: முதலில் சுவிட்ச், அடுத்து வயர் உள்ளே நுழையும் இடத்தில் மடிந்து மடிந்து அறுவது, அதற்கடுத்து டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சின்ன சர்க்யூட். எல்இடியும் உடம்பும் பெரும்பாலும் கடைசியில்தான்.

முதலில் போகிற பாகம் முதலில் கையில் வர வேண்டும். சுவிட்சை மாற்ற விளக்கின் கழுத்தைக் கழற்றச் சொன்னால், யாரும் கழற்ற மாட்டார்கள், தூக்கிப் போட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்வேன்.

இந்த வரிசையை எழுதும்போதே ஆயுளைக் கூட்டும் வழியும் சில நேரம் கண்ணில் படும். டிரைவருக்குள் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் சூட்டில் உலர்ந்து போகிற சாமான். சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. எல்இடி தகட்டுக்குப் பின்னாலேயே டிரைவரை நெருக்கி வைத்திருந்த நான், அதை அடிப்பாகத்துக்கு இறக்கினேன். கூடுதலாக ஆனது ஒரு சாண் வயர்.

மூட்டுதான் எல்லாம்

1859இல் மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியை மூட்டு பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாது. ஆவியில் வளைத்த 6 மரத்துண்டு, 10 ஸ்க்ரூ, 2 நட்டு, முடிந்தது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி போகும். கப்பலில் காற்றை ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. ஒரு கால் முறிந்தால் அந்தக் கால் மட்டும்.

மூட்டைத் தேர்ந்தெடுக்க நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். மேலிருந்து தொடங்கி, சரிப்படாவிட்டால் மட்டும் ஒரு படி கீழே இறங்குவேன். முதல் படி, ஒன்றுக்குள் ஒன்று சொருகி ஆப்பு வைப்பது. இரண்டாவது போல்ட்டும் நட்டும். மூன்றாவது ஸ்க்ரூ. நான்காவது, திறந்து மூடும்படி செய்த கொக்கி. அதற்கும் கீழே ரிவெட், பசை, வெல்டிங். கடைசி மூன்றுக்கு இறங்கும்போது ‘ஏன்’ என்று தாளில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது எனக்கு நானே போட்ட சட்டம். எழுத உட்கார்ந்தால் பாதி நேரம் காரணம் வராது. சோம்பல்தான் காரணமாக இருக்கும்.

பசையே கூடாது என்று சொல்லவில்லை. வயலின் செய்பவர்கள் இன்றும் மிருகத் தோலிலிருந்து காய்ச்சும் பசையைப் பயன்படுத்துகிறார்கள். சூடும் ஈரமும் பட்டால் அது விடும். மேல்பலகையைத் திறந்து உள்ளே சரிசெய்து மறுபடி மூடலாம். நூற்றாண்டுகள் கடந்த வயலின்கள் இன்னும் மேடையேறுகின்றன என்றால், விட்டுக்கொடுக்கும் அந்தப் பசைக்கும் அதில் பங்கு உண்டு. எப்பாக்சி விடாது. அதன் பலமும் அதுதான், நமக்கு வரும் தொல்லையும் அதுதான்.

மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் நேராக ஸ்க்ரூ போடாதீர்கள். முதல் தடவை நன்றாகப் பிடிக்கும். கழற்றி மாட்டும் இரண்டாம் மூன்றாம் தடவைக்குள் துளை மாவாக உதிரும். கழற்ற வேண்டிய இடத்தில் மரையுள்ள உலோகக் குழல் ஒன்றைப் பதித்து, அதில் 6 மில்லிமீட்டர் போல்ட் ஏற்றுங்கள். மரம், பிளைவுட், போர்டு எதற்கும் இது ஒத்துவரும். பிளாஸ்டிக்கில் சூடாக்கி இறக்கும் சின்னப் பித்தளைக் குழல் கிடைக்கிறது. சாலிடரிங் அயர்ன் முனையால் அழுத்தினாலே அது உட்கார்ந்துவிடும்.

பிளாஸ்டிக்கில் நேரடியாக ஏறிய ஸ்க்ரூவைத் திரும்ப மாட்ட ஒரு கைப்பழக்கம் வேண்டும். துளையில் வைத்து முதலில் எதிர்ப்பக்கமாக, மெதுவாக, ஒரு சுற்று திருப்புங்கள். ஓர் இடத்தில் ஸ்க்ரூ ‘டொக்’ என்று மயிரிழை கீழே இறங்குவது விரலில் தெரியும். பழைய மரையின் வாய் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து முன்னால் திருப்பினால் அதே தடத்தில் ஏறும். இது தெரியாமல் முரட்டுத்தனமாக ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டி, நாலாவது தடவை துளை வழவழத்துவிடும்.

ஒரு பொருளுக்கு ஒரே ஸ்க்ரூ. தலையும் தடிமனும் மட்டுமல்ல, நீளமும் ஒன்றாக இருக்கட்டும். 16 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர் என்று இரண்டு நீளம் வைத்திருந்தேன். யாரோ வீட்டில் மாற்றி மாட்டி, நீளமானது மேசையின் மேல்பக்கம் முளைத்துவிட்டது. தப்பு அவருடையதில்லை.

இருபது மில்லிமீட்டர்

வெட்டும்போது விழும் கழிவைக் குறைக்க மென்பொருள் எல்லாம் இருக்கிறது. அதற்கு முன் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எட்டுக்கு நாலு பிளைவுட் என்பது 2440க்கு 1220 மில்லிமீட்டர். என் பழைய ஸ்டூலின் இருக்கை 420க்கு 420. ஏன் 420? எனக்கே தெரியாது, கண்ணுக்கு நன்றாக இருந்தது. அகலவாட்டில் 2 துண்டு, நீளவாட்டில் 5, ஆக ஒரு ஷீட்டில் 10 இருக்கை. ஷீட்டில் 59 விழுக்காடுதான் பொருளாகிறது. மிச்சம் ஓரமாகச் சாய்ந்து நிற்கும் பட்டைகள்.

இருக்கையை 400 ஆக்கினேன். அகலவாட்டில் 3, இடையில் ரம்பம் தின்னும் 3 மில்லிமீட்டரை இரண்டு தடவை சேர்த்தால் 1206. நீளவாட்டில் 6, ஐந்து வெட்டோடு 2415. ஓரம் சீவ இரண்டு பக்கமும் கொஞ்சம் மீதியும் இருக்கிறது. ஒரு ஷீட்டில் 18 இருக்கை, 96 விழுக்காட்டுக்கு மேல் பொருளாகிறது. 20 மில்லிமீட்டர் குறைந்ததை உட்கார்ந்த ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. 40 ஸ்டூலுக்கு 4 ஷீட் வாங்கியவன் 3 ஷீட்டில் முடித்தேன், அதிலும் 14 இருக்கை மிஞ்சியது.

ஆக, அளவை முடிவு செய்யும் முன் மூலப்பொருள் எந்த அளவில் வருகிறது என்று கேளுங்கள். துணியானால் அதன் அகலம், குழாயானால் அதன் நீளம். ரம்பத்தின் கனத்தைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். துணியில் வளைவு வெட்டுகள்தான் துண்டுகளை உதிர்க்கின்றன. நேர்க்கோட்டில் வெட்டிச் சுருக்கியும் மடித்தும் உருவம் கொண்டுவர முடிந்தால் உதிரி குறையும்.

பிரிக்க முடியாததைக் கலக்காதீர்கள்

இரண்டு நல்ல பொருட்களைப் பிரிக்க முடியாமல் ஒட்டினால் கிடைப்பது ஒரு கெட்ட பொருள். பானங்கள் வரும் அட்டைப் பெட்டியில் காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் அடுக்கடுக்காக இருக்கின்றன. தனித்தனியாக மூன்றுமே மறுசுழற்சிக்குப் போகக்கூடியவை. சேர்ந்து போனதால் அதற்கென்றே தனி ஆலை வேண்டியிருக்கிறது.

பிளாஸ்டிக் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் இருக்கிறதே, அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் 1988இல் கொண்டுவந்தது அது. 1 பெட், 2 எச்டிபிஇ, 3 பிவிசி, 4 எல்டிபிஇ, 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்ற எல்லாம். எண் இருப்பதாலேயே அது மறுசுழற்சி ஆகும் என்று அர்த்தமில்லை. என்ன பிளாஸ்டிக் என்று மட்டுமே அது சொல்கிறது. எண் இல்லாத துண்டு கையில் கிடைத்தால் நகமளவு சீவி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் (எண் 2, 4) மேலே வரும். பெட், பிவிசி, பாலிஸ்டைரீன் மூழ்கும். நுரையாக்கியதற்கும், தாதுப்பொடி கலந்ததற்கும் இந்தச் சோதனை பொய் சொல்லும். எரித்து முகர்ந்து பார்க்கும் வேலை வேண்டாம், பிவிசி புகை நெஞ்சுக்கு ஆகாது. பெட்டோடு கொஞ்சம் பிவிசி கலந்தாலே போதும், பெட் உருகும் சூட்டில் அது சிதைந்து அமிலம் விட்டு உருக்கிய மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

அப்புறம் கறுப்பு. பிளாஸ்டிக்கில் கறுப்பு நிறம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அழுக்கும் தெரியாது. ஆனால் பிரிக்கும் ஆலைகள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சித்தான் எது எந்த பிளாஸ்டிக் என்று அறிகின்றன. கறுப்புக்குப் பயன்படும் கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் இயந்திரத்தின் கண்ணுக்கு அந்தத் துண்டு இல்லவே இல்லை. சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டேன்.

உருக்கலாம்தானே என்று உலோகத்தில் அசட்டையாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 விழுக்காடு போதும். நல்ல விஷயம்தான். ஆனால் உருக்கினால் வடிவமும் அதில் போன உழைப்பும் கரைந்துவிடும். அறுத்துத் துளையிட்ட ஒரு தகட்டை அப்படியே இன்னொரு விளக்கில் மாட்டுவதற்கு 5 விழுக்காடுகூட வேண்டாம்.

பழசைக் கொண்டு செய்வதென்றால்

இங்கே வேலையின் வரிசை தலைகீழாகிறது. முதலில் சரக்கு, அப்புறம்தான் வரைபடம். படத்தை வரைந்துவிட்டு 32 மில்லிமீட்டர் பழைய மரம் தேடி அலைந்தால் கிடைக்காது. கடைசியில் புதுசு வாங்குவீர்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். என்ன மரம், நீளம், அகலம், கனம், எத்தனை, எங்கே சாய்த்திருக்கிறது. வாரம் ஒரு தடவை புதுப்பித்தால் போதும். வரையும்போது கனத்துக்கு ஒரே எண் எழுதாமல் ‘28 முதல் 34 வரை’ என்று எழுதுங்கள். அப்படி எழுத வேண்டுமானால் துளைகளின் தூரம் எல்லாவற்றையும் வெளிமுகத்திலிருந்து அளக்க வேண்டும். கனம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் உள்பக்கம் விழும், வெளியே எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். பழைய மரத்தில் வேலை செய்யும் சூட்சுமம் எதுவென்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இழைப்பதற்கு முன் காந்தத்தைப் பலகை நெடுகத் தடவுங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி ஒன்று போதும், இழைப்புளியின் வாய் போய்விடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டால் தூசி நுரையீரலுக்குத்தான் போகும். பெயின்ட் அடித்த பழைய பலகையை நான் எடுப்பதே இல்லை. பச்சைச் சாயல் அடிக்கும், வெளிப்புறத்துக்குப் பயன்பட்ட பழைய மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கலாம். வீட்டுக்குள் வேண்டாம், துண்டை அடுப்பிலும் போடாதீர்கள்.

சரக்கு அனுப்பும் மரப் பேலட்டுகளில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சுட்டிருக்கும். அதில் எச்.டி. (HT) என்ற எழுத்து இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது என்று பொருள். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு பிடித்தது, அதை விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாததையும், எண்ணெய்க் கறை படிந்ததையும் சேர்த்து விட்டுவிடுங்கள்.

இனி ஒரு எச்சரிக்கை, எனக்கே சொல்லிக்கொள்வது. துண்டுகளைச் சேர்ப்பது ஒரு வியாதி. ‘என்றைக்காவது ஆகும்’ என்று நான் சேர்த்ததில் ஒருகாலத்தில் பட்டறையில் நடக்க இடமில்லை. அது குப்பையைக் குறைப்பதில்லை, குப்பைக்கு வாடகையில்லாமல் இடம் கொடுப்பது. இப்போது ஒரே ஒரு பெட்டி. உள்ளே போகும் துண்டின் மேல் சாக்பீஸால் தேதி. உள்ளங்கையைவிடச் சிறியது உள்ளே போகக் கூடாது. ஆறு மாதம் தொடாமல் கிடந்தால் வேண்டியவருக்குக் கொடுத்துவிடுவேன். துண்டுகளுக்கென்றே நிரந்தரமாக ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்: ஆப்பு, இழுப்பறைக் குமிழ், அட்டைப்பெட்டிக்குள் மூலைக்கு வைக்கும் கட்டை. இவை எப்போதும் தேவைப்படுபவை, அளவும் சிறியது.

மறுபயன்பாடு என்ற பெயரில் யாருக்கும் வேண்டாத ஒன்றைச் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பாட்டிலில் பல்பு மாட்டிய விளக்கு ஒரு மாதம் வேடிக்கை, அப்புறம் அதே குப்பைத்தொட்டி, இந்தத் தடவை வயரோடு. நல்ல பழைய மரத்தை ரெசின் ஊற்றி மூடுவதைப் பார்த்தாலும் வயிறு எரிகிறது. இனி அந்த மரத்தை யாராலும் மீட்க முடியாது.

விற்ற பிறகும் வேலை இருக்கிறது

கழற்ற முடிகிற பொருள் மட்டும் இருந்தால் போதாது, மாற்றிப் போடப் பாகம் வேண்டும். ஐந்து ஸ்டூலுக்கு ஒரு உறை கூடுதலாகத் தைத்து வைக்கிறேன். இருக்கையின் அடியில் பாக எண்ணைச் சூட்டுக்கோலால் சுடுகிறேன், காகித லேபிள் நிலைக்காது. ஒரு பக்கப் படத்தாளை மடித்து அங்கேயே செருகுகிறேன்.

இதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், பிரான்ஸ் 2021 ஜனவரியில் செல்பேசி, மடிக்கணினி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்குக் கொண்டுவந்த பழுதுநீக்கப் புள்ளிமுறையைப் பாருங்கள். பத்துக்கு எத்தனை என்று பொருளின் அருகிலேயே எழுத வேண்டும் என்றது அது. விவரக் குறிப்பு கிடைக்கிறதா, எளிதாகக் கழலுமா, உதிரிப்பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன, அந்தப் பொருளுக்கே உரிய தனிக்கேள்விகள் என்று ஐந்து தலைப்பு. என் விளக்குக்கு நானே மார்க் போட்டேன். 6 வந்தது, விவரக் குறிப்பில் கோட்டைவிட்டிருந்தேன். பேட்டரி வைக்கும் பொருள் செய்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கருவிகளில் இருக்கும் சிறிய பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அளவை மாற்றாமல் இருப்பது. 1958இல் காப்புரிமை கோரிய லீகோ விளையாட்டுக் கட்டையில் இன்றைய கட்டையும் மாட்டும். புதிய மாதிரி வரையும்போது கை துருதுருக்கும், துளை இடைவெளியை ஒரு 5 மில்லிமீட்டர் நகர்த்தினால் அழகாக இருக்குமே என்று. நகர்த்தினால் பழைய ஸ்டூல்கள் எல்லாம் அன்றோடு அநாதை.

இப்போதைய ஸ்டூலில் நான்கு போல்ட். அவற்றைக் கழற்றினால் இருக்கை தனியே வரும். உறை, ஓரத்தில் நாடா கோத்துச் சுருக்கும் பை மாதிரி. ஸ்பாஞ்சு சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது, பசை இல்லை. போன மாதம் ஒருவர் உறை கிழிந்துவிட்டது என்று வந்தார். ஸ்டூலைக் காணோம். தோள்பையிலிருந்து இருக்கையை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தார், நான்கு போல்ட்டும் ஒரு காகிதத்தில் பொட்டலமாக. கால்களை எதற்குச் சுமந்து வர வேண்டும் என்று கேட்டார்.